கொஞ்சம் விட்டுத் தைங்க

"வளர்ற பிள்ளைண்ணே, கொஞ்சம் விட்டுத் தைங்க." பள்ளிக்கூடம் திறக்கும் நேரத்தில் எந்தத் தையல் கடை வாசலில் நின்றாலும் இது காதில் விழும். தையல்காரரும் தலையாட்டிக்கொண்டே நோட்டில் எழுதிய அளவுக்குப் பக்கத்தில் ஏதோ குறித்துக்கொள்வார். எவ்வளவு விட வேண்டும், எந்த இடத்தில் விட வேண்டும் என்று அந்த அம்மாவும் சொல்வதில்லை, அவரும் கேட்பதில்லை. சொந்தப் பிள்ளைக்குத் தானே தைக்க மெஷினைத் திறப்பவருக்குத்தான் அந்தக் 'கொஞ்சம்' ஒரு கணக்காக வந்து எதிரே உட்காருகிறது. குழந்தைத் துணி தைக்கும் வித்தையில் பாதி அந்தக் கணக்குதான்.

பெரியவருக்குத் தைத்தால், அளவெடுத்த உடம்பு ஐந்தாறு ஆண்டுகளுக்குப் பெரிதாக மாறாது. தீபாவளிக்குத் தீபாவளி ஓர் அங்குலம் பெருத்தால் பக்கத்தையலைப் பிரித்துவிடலாம். குழந்தை அப்படியில்லை. பிறக்கும்போது ஏறக்குறைய 50 செ.மீ. இருக்கும் குழந்தை முதல் பிறந்தநாளுக்குள் இன்னும் 25 செ.மீ. வளர்ந்துவிடுகிறது. இரண்டாம் ஆண்டில் சுமார் 12 செ.மீ.; அதற்குப் பிறகுதான் ஆண்டுக்கு ஆறேழு செ.மீ. என்று நிதானப்படுகிறது. ஆகவே முதல் ஆண்டில் தைக்கும் எதற்கும் மூன்று மாத ஆயுள்தான். கைக்குழந்தையின் கவுனுக்கு நெஞ்சு முழுக்கப் பூவேலை செய்ய உட்காருவது தைப்பவரின் ஆசைக்காக. குழந்தைக்கு அதில் ஒரு லாபமும் இல்லை; பூவேலையின் பின்பக்க முடிச்சுகள் நெஞ்சில் குத்துவதுதான் மிச்சம்.

புதிதாகத் தைக்கப் பழகுகிறவரை முதலில் ஏமாற்றுவது நீளம் இல்லை, தலை. பிறந்த குழந்தையின் தலை அதன் மொத்த நீளத்தில் நான்கில் ஒரு பங்கு. தலைச்சுற்றளவு 35 செ.மீ. அளவில் இருக்கும், நெஞ்சுச் சுற்றளவு அதைவிட ஓரிரண்டு செ.மீ. குறைவு. நெஞ்சைவிடத் தலை பெரிய ஓர் உருவத்துக்குச் சட்டை தைக்கிறோம் என்பது மனத்தில் பதியாமல், பெரியவர் சட்டையையே சின்னதாக்கி வெட்டினால், அது தலைக்குள் நுழையாது. ஒரு வயது வாக்கில்தான் இரண்டும் 46 செ.மீ. பக்கம் வந்து சமமாகின்றன. அதன்பின் தலை மெதுவாகவே வளரும். ஐந்து வயதிலும் 50, 51 செ.மீ.தான்.

நம் வீட்டு ஜப்லாவை இந்தக் கணக்கோடு பார்த்தால் அதன் அருமை தெரியும். முன்பக்கமோ பின்பக்கமோ முழுக்கத் திறந்திருக்கும். கையை நுழைத்து நாடாவைக் கட்டினால் முடிந்தது. தலைவழியாக எதையும் இழுக்க வேண்டியதில்லை, கழுத்து நிற்காத குழந்தையைத் தூக்கி நிறுத்தவும் வேண்டியதில்லை. பனியன் துணிச் சட்டைகளில் தோள்பட்டையில் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கும் இரண்டு மடிப்புகள் இருக்குமே, அதுவும் தலைக்காக வந்ததுதான். இழுத்தால் கழுத்து அகலமாக விரியும். குழந்தை முதுகுவரை 'ஆய்' போய்விட்டால் சட்டையைத் தலைவழியே கழற்றாமல் கால்வழியே உருவிவிடலாம் என்பது கூடுதல் சௌகரியம். அவசரத்துக்கு ஒரு முறை அப்படி உருவிப் பார்த்தவர்கள் அந்த மடிப்பை மறக்க மாட்டார்கள்.

கழுத்து வளைவுக்குப் பட்டி வைக்கும்போது நேர்த்துணியில் வெட்டினால் அது விறைத்துக்கொண்டு நிற்கும். 45 பாகைச் சரிவில், தையல்காரர்கள் சொல்லும் கிராஸ் பீஸாக, ஒன்றேகால் அங்குல அகலத்தில் வெட்டினால் துணி இழுபட்டு வளைவோடு படியும். இன்னொன்று, கையை வைக்கும் முறை. பெரிய ரவிக்கையில் பக்கத்தைத் தைத்து முடித்த பிறகு கையை வளையமாகப் பொருத்தலாம். கைக்குழந்தைச் சட்டையின் கைக்குழி மெஷின் பாதத்துக்கு அடியில் சுற்றி வர இடம் தராது. அதனால் தோளை இணைத்ததும், துணி விரிந்து கிடக்கும்போதே கையை வைத்துத் தைத்துவிட்டு, பிறகு கை நுனியிலிருந்து இடுப்புவரை பக்கத்தையலை ஒரே ஓட்டமாக ஓட்ட வேண்டும்.

இரண்டு வயதுக்குமேல் பாவாடைக்காலம் தொடங்குகிறது. அங்கே வேறொரு சிக்கல்: அந்த வயதுக் குழந்தைக்கு இடுப்பு என்று ஒன்று கிடையாது. வயிறு முன்தள்ளியிருக்கும், எலாஸ்டிக் போட்டாலும் நாடா போட்டாலும் பாவாடை கீழே நழுவும். இறுக்கினால் வயிற்றில் சிவந்த கோடு விழும். இதற்கு நம் பாட்டிமார் கண்ட வழி பாடி வைத்த பாவாடை. மெல்லிய பருத்தியில் கையில்லாத ஒரு பாடி தைத்து, அதன் கீழ் விளிம்பில் பாவாடையைச் சுருக்கிப் பிடித்துவிடுவது. எடையைத் தோள் தாங்கிக்கொள்ளும். மேலே சட்டை வந்து மூடிவிடுவதால் பாடி எந்தத் துணியில் இருந்தாலும் யாருக்கும் தெரியாது. பட்டின் உறுத்தலும் உடம்பில் படாது.

'விட்டுத் தைப்பது' முழு வடிவம் எடுப்பதும் இந்தப் பாவாடையில்தான். இரண்டு வயதிலிருந்து ஆறு வயதுவரை ஒரு சராசரிக் குழந்தையின் இடுப்புச் சுற்றளவு சில செ.மீ. மட்டுமே கூடும். நீளம்தான் ஓடும். எனவே அகலத்தில் நிறைய விடுவது வீண். விட வேண்டியது நீளத்தில். ஓர் அங்குல ஆழத்துக்கு ஒரு டக் பிடித்தால், துணி இருபுறமும் மடிவதால் இரண்டு அங்குலம், அதாவது 5 செ.மீ., உள்ளே ஒளிந்துகொள்ளும். மொத்த உயரம் ஆண்டுக்கு ஆறேழு செ.மீ. கூடினால் அதில் இடுப்புக்குக் கீழே சேர்வது ஏறக்குறைய நான்கு. ஆக ஒரு டக் ஓர் ஆண்டுக்குத் தாராளம். இரண்டு டக் பிடித்த பட்டுப் பாவாடை மூன்று தீபாவளி பார்க்கும். ஜரிகைக் கரையை வெட்ட முடியாது என்பதால் டக் எப்போதும் கரைக்கு மேலே, உள்பக்கமாகப் போக வேண்டும். பிரிக்கப்போகிற தையல் என்பதால் அதை மட்டும் பெரிய தையலாக, முனையில் முடிச்சைத் தேடி எடுக்கும்படி ஓட்டுவது வழக்கம். சின்னத் தையலில் அழுத்தி ஓட்டியதைப் பிரித்தால் பட்டில் ஊசித் துளைகள் வரிசையாகத் தெரியும்.

பிரித்த இடத்தில் ஒரு கோடு விழுவதும் உண்டு. வெளியே இருந்த துணி வெளுத்திருக்கும். உள்ளே இருந்தது புது நிறத்தில் பளிச்சென்றிருக்கும். அந்தக் கோட்டின்மேல் ஒரு வரி லேஸோ ரிப்பனோ வைத்துத் தைத்துவிட்டால், அடுத்த ஆண்டு பாவாடை புதிதாகவே தெரியும். பழைய புகைப்படங்களில் சிறுமிகளின் பாவாடையில் நடுவாந்தரமாக ஓடும் லேஸ்களில் பல இப்படி வந்தவையாகத்தான் இருக்க வேண்டும்.

இந்தச் சாமர்த்தியம் நமக்கு மட்டும் உரியதும் இல்லை. ஜப்பானில் குழந்தைகளின் கிமோனோவைப் பெரிதாகவே தைத்து, தோளிலும் இடுப்பிலும் மடிப்புப் பிடித்து வைப்பார்கள். பிள்ளை வளர வளர மடிப்பைப் பிரிப்பார்கள். கைக்குழந்தையின் கிமோனோ துணியின் ஒரே அகலத்தில் வெட்டப்படுவதால் அதற்கு முதுகில் நடுத்தையல் இருக்காது. தையல் இல்லாத முதுகு வழியாகக் கெட்டது நுழையும் என்று பயந்து, கழுத்துக்குக் கீழே சில தையல்களை அலங்காரமாகப் போட்டுவைப்பதும் அங்கே பழக்கம். கன்னத்தில் மைப்பொட்டு வைக்கிற ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

துணியைப் பற்றிப் பேசினால் முதலில் பழைய வேட்டிக்குத்தான் வணக்கம் சொல்ல வேண்டும். பிறந்த குழந்தைக்குப் புதுத்துணி போடக்கூடாது, பழசுதான் போட வேண்டும் என்று பல வீடுகளில் சொல்வார்கள். சாஸ்திரம் எதுவானாலும், நூறு தடவை துவைத்த பருத்தியில் கஞ்சியும் இருக்காது, மிச்சச் சாயமும் இருக்காது. இழைகள் தளர்ந்து ஈரத்தைச் சட்டென்று குடிக்கும். புதுப் பருத்தியானால் வெட்டுவதற்கு முன் ஓர் இரவு ஊறப்போட்டு, அலசிக் காயவைத்து, இஸ்திரி போட்ட பிறகே கத்திரி வைக்க வேண்டும். மீட்டருக்கு மூன்று முதல் ஐந்து செ.மீ.வரை சுருங்குவது சாதாரணம். டக்கில் ஒளித்துவைத்த இரண்டு அங்குலத்தில் ஒன்றை முதல் சலவையே தின்றுவிட்டால் கணக்கெல்லாம் வீணாகும்.

வெட்டி மிஞ்சிய துண்டுகளுக்கும் வேலை உண்டு. வங்காளத்துப் பெண்கள் பழைய புடவைகளை அடுக்கி, அந்தப் புடவைக் கரையிலிருந்தே உருவிய நூலால் ஓட்டுத்தையல் போட்டுக் காந்தா செய்தார்கள். குழந்தையைச் சுற்றிப் பொதிய அதுதான். கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் வாழும், ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்திப் பெண்கள் தைக்கும் கவந்திப் போர்வை இன்னும் வினோதம். பழைய புடவை ஒன்றை விரித்து, ஒரு மூலையில் தொடங்கி, ஓரம் ஓரமாகச் சுற்றிவந்து, துண்டுகளை ஒட்டித் தைத்தபடியே நடுவை நோக்கிப் போவார்கள். முன்கூட்டி வரைபடம் கிடையாது. கடைசியில் நான்கு மூலைகளிலும் முக்கோணமாக மடித்த துண்டுகளை அடுக்கி வைப்பார்கள், அவை 'பூக்கள்'. அவை இல்லாத போர்வை அவர்கள் கணக்கில் முழுமை பெறாது. நம் வீட்டில் மூட்டை கட்டிப் பரணில் போட்டுவைத்திருக்கும் வெட்டுத்துணிக்கு இந்த முறை நன்றாகப் பொருந்தும். சதுரம் சதுரமாக அளந்து வெட்ட வேண்டியதில்லை, துண்டு எந்த வடிவத்தில் இருந்தாலும் இடம் கிடைக்கும்.

எல்லாவற்றையும் வீட்டில் தைத்தே தீருவது என்று கிளம்புவது அசட்டுப் பிடிவாதம். பனியன், ஜட்டி, இழுத்தால் நீளும் டீ சட்டை இவற்றைத் திருப்பூரிடம் விட்டுவிடலாம். பின்னல் துணிக்கு உருண்டை முனை ஊசி வேண்டும், ஓவர்லாக் மெஷின் வேண்டும். வீட்டு மெஷினின் நேர்த்தையல் துணியோடு நீளாமல் பட்டென்று அறுந்துவிடும். விலையிலும் போட்டி போட முடியாது. வீட்டில் தைத்தால் மிச்சம் என்பது பல சமயம் சமாதானத்துக்குச் சொல்வது. துணி, லைனிங், நூல், பட்டன் எல்லாம் கூட்டிப்பார்த்தால் ஆயத்த ஆடையை நெருங்கிவிடும். மிச்சமாவது அந்த ஆடை எத்தனை ஆண்டு நீடிக்கிறது என்பதில்தான்.

தைக்கவே கூடாதவையும் உண்டு. தலை உருண்டையாக வரட்டும் என்று கடுகு நிரப்பிய குட்டித் தலையணை பல வீடுகளில் முதல் தையல் வேலை. ஒரு வயதுவரை தூங்கும் குழந்தைக்குத் தலையணையே வேண்டாம், சமதளமான படுக்கை போதும் என்பது இன்றைய குழந்தை மருத்துவர்களின் அறிவுரை. தைத்துக் கொடுத்த பாட்டியின் மனம் நோகாமல் அதை பொம்மைக்கு வைத்துவிடலாம். கழுத்தில் தொங்கும் நாடாவும் அப்படித்தான். சறுக்குமரத்திலும் வாகனக் கதவிலும் நாடா சிக்கிக் குழந்தைகள் இறந்த பிறகு, 1990-களில் அமெரிக்காவில் தொப்பி, கழுத்துப் பகுதிகளில் இழுநாடா வேண்டாம் என்று வழிகாட்டுதல் வந்தது. ஐரோப்பியத் தரவிதி ஏழு வயதுக்குட்பட்டவர்களின் உடையில் அந்த இடத்தில் எந்த நாடாவையும் அனுமதிப்பதில்லை. ஜப்லாவின் நாடா ஒரு முடிச்சுக்குப் போதுமான நீளம் இருந்தால் போதும். அதையும் கழுத்தில் வைக்காமல் பக்கவாட்டில் வைப்பது மேல்.

துணி பொம்மைக்கு பட்டன் கண் அழகுதான். ஆனால் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளின் விளையாட்டுப் பொருளைச் சோதிக்கும் உருளையின் விட்டம் 31.7 மி.மீ.; அதற்குள் அடங்கும் எதுவும் தொண்டையில் சிக்கக்கூடியது என்று கணக்கு. சட்டை பட்டன் அதில் சுலபமாக விழும். சங்கிலித் தையலில் வட்டமாகக் கண் போட்டுவிட்டால் பிடுங்கவும் முடியாது, விழுங்கவும் முடியாது. உள்ளே இலவம்பஞ்சு வேண்டாம்: மெல்லிய இழை தையல் இடுக்கு வழியே கசியும், துவைத்தால் கட்டி கட்டியாகும். குழந்தை வாயில் வைக்கிற பொருளைத் துவைக்காமல் முடியாது. பொடியாக நறுக்கிய வெட்டுத்துணி கனமாக இருந்தாலும் துவைத்துக் காயவைக்கத் தோதானது.

தைக்கும் வீட்டில் சிறுபிள்ளை இருந்தால் மெஷினுக்கும் ஒழுங்கு வேண்டும். மிதிமெஷினின் கீழ்ச்சக்கரத்துக்குள் விரலை விடத் தவழும் குழந்தைக்கு ஒரு நொடி போதும். தைத்து முடித்ததும் பெல்ட்டைக் கழற்றிவைப்பது பழைய தையல் வாத்தியார்கள் முதல் நாளே சொல்லித்தருவது. குண்டூசிக்குப் பதில் துணி உலர்த்தும் கிளிப்பைப் போட்டுத் துணியைப் பிடித்தால் தரையில் தேட வேண்டிய பொருள் ஒன்று குறைகிறது.

நாலைந்து வயதானதும் பிள்ளை கேட்கும்: "அம்மா, நானும் தைக்கட்டா?" விரட்டிவிடாதவர்களுக்கு நல்ல முன்னோடிகள் இருக்கிறார்கள். மழலையர் கல்விக்கு 1837-ல் வித்திட்ட ஜெர்மானியர் ஃப்ரோபெல் தன் பாடத்திலேயே அட்டையில் துளையிட்டு நூல் கோக்கும் வேலையை வைத்தார். 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்து, போர்க்காலம் முழுக்க இந்தியாவிலேயே தங்கிய மரியா மாண்டிசோரியின் சாதனங்களில், பட்டன், கொக்கி, நாடா, முடிச்சு ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் துணிச் சட்டகம் உண்டு. வீட்டில் அதற்குப் பழைய சட்டையின் முன்பக்கத்தை வெட்டி ஓர் அட்டையில் ஒட்டினாலே ஆயிற்று. நூல் கோக்க, முனை மழுங்கிய பெரிய ஊசியும், இழை தெரியும் காடாத் துணியும். ஏழெட்டு வயதில் மெஷினுக்கு வரலாம். அப்போதும் பெல்ட் இல்லாமல், கைச்சக்கரத்தை மட்டும் சுற்றி. ஒரு சுற்றுக்கு ஒரு தையல். ஊசி எப்போது இறங்குகிறது, துணி எப்போது நகர்கிறது என்று கண்ணால் பார்த்துவிட்ட பிள்ளை, பிற்பாடு மிதிக்கும்போது விரலை எங்கே வைக்கக்கூடாது என்று தானே தெரிந்துகொள்ளும்.

பிறகு மாறுவேடப் போட்டி. இரவு எட்டு மணிக்குத்தான் பள்ளி நாட்குறிப்பைத் திறப்பார்கள். "அம்மா, நாளைக்கு நான் தக்காளியாம்!" பாரதியார் என்றால் தப்பித்தோம், அப்பாவின் வேட்டி தலைப்பாகையாகிவிடும், கறுப்புக் கோட்டை மட்டும் பக்கத்து வீட்டில் கேட்டால் போதும். தக்காளிக்குச் சிவப்புத் துணி இரண்டு மீட்டர் வேண்டும். அதை வெட்டாமல், இரண்டு ஓரங்களிலும் எலாஸ்டிக் நுழைத்துச் சுருக்கி, பக்கத்தைப் பெரிய ஓட்டுத்தையலால் பிடித்து, உள்ளே செய்தித்தாளைக் கசக்கித் திணித்தால் உருண்டை வந்துவிடும். மேடை இறங்கியதும் நூலை உருவினால் துணி முழுசாகத் திரும்பக் கிடைக்கும். அடுத்த ஆண்டு தம்பி மிளகாய்ப்பழமாக நிற்கும்போது அதே சிவப்பை நீளவாட்டில் மடித்துப் பிடித்தால் போதும். பச்சைக் காம்பு ஒன்றைத்தான் புதிதாகத் தைக்க வேண்டியிருக்கும்.