நாலரை மணிப் பொய்

காலை நாலரை மணிக்கு எழுந்து நாவல் எழுதுகிறேன் என்று பதினைந்து வருடமாகக் கூட்டங்களில் சொல்லி வருகிறேன். அது பொய். நான் ஏழு மணிக்கு முன்னால் எழுந்ததாக என் மனைவிக்கு ஞாபகம் இல்லை. கூட்டங்களுக்கு அவளைக் கூட்டிப்போகாததற்கு அதுவும் ஒரு காரணம்.

செஞ்சியில் நான் பத்திர எழுத்தர். கிரையம், தானம், பாகப்பிரிவினை, அடமானம் என்று முப்பது வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. நடுவே மூன்று நாவல். பார்ட்டி சாட்சியைத் தேடிப் போயிருக்கும் நேரத்திலும், சர்வர் படுத்துப் பதிவு நின்றுபோன நாட்களிலும், பிழையாகிப்போன நகல்களின் பின்பக்கத்தில் எழுதியவை. ஒரு மாதம் ஒரு வரிகூட வராது. அப்புறம் மூன்று நாளில் நாற்பது பக்கம் வரும். வந்ததில் பாதியைக் கிழிப்பேன். இதையெல்லாம் மேடையில் சொன்னால் யார் கைதட்டுவார்கள்? "உங்கள் எழுத்துப் பழக்கம் என்ன?" என்று கேட்கிறவருக்கு ஒரு மணிக்கணக்கு வேண்டியிருக்கிறது.

அந்த மணியைத் திருடினேன். திருடிய இடம் ஆந்தனி டிரோலப். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில நாவலாசிரியர், பிழைப்புக்குத் தபால் துறை. காலை ஐந்தரைக்கு மேசையில் உட்கார்ந்து, கடிகாரத்தை எதிரே வைத்து, கால் மணிக்கு 250 சொல் என்று கணக்காக எழுதிவிட்டு வேலைக்குப் போனவர். அவர் இறந்த பிறகு 1883இல் வெளிவந்த சுயசரிதையில் இதெல்லாம் இருக்கிறது. ஐந்தரையை நாலரை ஆக்கினேன், நம்மூர் வெயிலை உத்தேசித்து. சொற்கணக்கைத் தினம் மூன்று பக்கம் என்று மாற்றினேன். அவர் பெயரை எடுத்துவிட்டேன். உண்மையைச் சொன்னதற்காக அந்த மனிதரை எழுத்தாளரா குமாஸ்தாவா என்று கேலி செய்தார்கள். அதையே பொய்யாகச் சொல்லி நான் நல்ல பெயர் வாங்கினேன்.

வேறு பழக்கங்களும் கைவசம் இருந்தன. அசோகமித்திரன் தியாகராய நகர்ப் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து எழுதியவர். நானும் சங்கராபரணி ஆற்றங்கரையில் உட்கார்ந்து எழுதுவேன் என்று ஒரு பேட்டியில் சொல்லிப் பார்த்தேன். ஊர்க்காரர் ஒருவர் "எந்த இடத்துல?" என்று கேட்டுவிட்டார். அதோடு ஆற்றை விட்டேன்.

இவையெல்லாம் சில்லறைப் பொய்கள். பெரியது தேசிங்கு.

என் மூன்றாவது நாவல் அவனைப் பற்றியது. தேஜ் சிங் என்கிற புந்தேல ராஜபுத்திரன். அப்பா சொரூப் சிங்குக்கு அவுரங்கசீப் கொடுத்தது இந்தச் செஞ்சிக் கோட்டை. அப்பா இறந்ததும் மகன் உட்கார்ந்தான். ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானுக்குப் பணிய மறுத்து 1714இல் போர்க்களத்தில் செத்தான். வயது இருபதை ஒட்டி. ஆண்டது ஒரு வருடம்கூடத் தேறாது. முந்நூறு வருடமாகப் பாடிக்கொண்டிருக்கிறோம். இந்த நாவலுக்குத் தூண்டுதல் எது என்று கேட்டால், "ராஜகிரி உச்சியில் அந்தி சாயும்போது நின்றேன், அவன் குதிரைக் குளம்பு கேட்டது" என்பேன். சொல்லும்போது எனக்கே புல்லரிக்கும்.

கோட்டை மலையான அந்த ராஜகிரியின் உச்சிக்கு நான் போனதே இல்லை. எட்டாம் வகுப்பில் பள்ளியிலிருந்து கூட்டிப்போனார்கள். உச்சிக்குச் சற்றுக் கீழே பாறை பிளந்து பெரும் பள்ளமாக இருக்கும். குறுக்கே பாலம். கீழே பார்த்தேன், கால் நடுங்கியது, வயிற்றுவலி என்று சொல்லி உட்கார்ந்துகொண்டேன். அதோடு சரி. நாவலுக்கு எனக்கு உதவியவை சந்தையில் வாங்கிய பெரிய எழுத்து தேசிங்குராஜன் கதையும், சி. எஸ். ஸ்ரீனிவாசாச்சாரி 1943இல் எழுதிய செஞ்சி வரலாறும்தான். கல்கி பொன்னியின் செல்வனுக்காக ஓவியர் மணியத்தைக் கூட்டிக்கொண்டு இலங்கை வரை போனார். நாகரத்தினம் கிருஷ்ணா பிரான்சில் இருந்துகொண்டு செஞ்சி நாயக்கர் காலத்தை 'கிருஷ்ணப்ப நாயக்கர் கௌமுதி' என்று நாவலாக்கினார். மலை அடிவாரத்தில் பெஞ்சு போட்டு உட்கார்ந்திருக்கும் எனக்கு டிக்கெட் வாங்கி மேலே ஏற மனம் வரவில்லை.

ஒரு கிரையப் பத்திரத்தில் செக்குபந்தி தப்பினால் கோர்ட்டுக்கு இழுப்பார்கள் என்று எனக்குத் தெரியும். கிழக்கே யார் நிலம், மேற்கே எந்த வாய்க்கால் என்று நாலு பக்கமும் கேட்டுத்தான் பேனாவை எடுப்பேன். நாவலில் தப்பினால் யார் இழுக்கப்போகிறார்கள் என்கிற தைரியம். அந்தத் தைரியத்தில், பதினொன்றாம் அத்தியாயத்தில் தேசிங்கைக் குதிரையோடு ராஜகிரி உச்சிக்குப் பாயவிட்டேன்.

2025 ஜூலையில் யுனெஸ்கோ மராட்டியக் கோட்டைகள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில், ஒன்று செஞ்சி. ஊரில் ஒரே பேச்சு. அந்தச் சூட்டில் நடந்த ஒரு கூட்டத்தில் என்னையும் பேசச் சொன்னார்கள். நாலரை மணி, மூன்று பக்கம், அந்தி நேரக் குளம்பொலி எல்லாம் வரிசையாக வந்தன. முடிந்ததும் ஒரு பையன் வந்தான். ரைஸ் மில்லில் மூட்டைக் கணக்கு எழுதுகிறவன். நாவல் எழுதிக்கொண்டிருக்கிறானாம். இரண்டு நோட்டைக் கொடுத்துவிட்டு, ரொம்பப் பணிவாக ஒன்று கேட்டான்.

"அந்தப் படியில குதிரை எப்படி சார் ஏறும்? பாலம் வேற இருக்கே?"

சுற்றி நாலு பேர் நின்றார்கள். "நாவலைப் படிக்கத் தெரிந்துகொள் தம்பி, அது குறியீடு" என்றேன்.

நோட்டை நான் திறக்கவில்லை. கோபம் என்று அப்போது நினைத்தேன், பயம்தான். இரண்டு மாதம் கழித்துப் போன் செய்தான். "கதை நகரவில்லை. அதிகாலையில் எழுந்து எழுது, வரும்" என்று, படிக்காத நோட்டைப் பற்றித் தீர்ப்புச் சொன்னேன். அவன் நம்பினான். இரவு பதினொன்று வரை லோடு ஏற்றிவிட்டு நாலரைக்கு எழுந்திருக்கிறான். பகலில் தூங்கி வழிந்து, கணக்கைப் பிசகி எழுதி, வேலை போயிற்று. இதை அவன் சொல்லவில்லை. அவன் சித்தப்பா அடமானப் பத்திரம் எழுத வந்தபோது பேச்சோடு பேச்சாகச் சொன்னார். "எவனோ எழுத்தாளன் சொன்னானாம்" என்றார். பத்திரத்தை எழுதி முடித்து, கூலி வாங்கிக்கொண்டேன். அந்த எழுத்தாளன் நான்தான் என்று சொல்லவில்லை.

அன்றிரவு நோட்டைப் படித்தேன். முகலாயத் தளபதி சுல்பிகர் கான் இந்தக் கோட்டையை 1698 வரை ஏழெட்டு வருடம் முற்றுகையிட்டானே, அந்தக் காலத்துக் கதை. மராட்டிய மன்னன் ராஜாராம் ஓரமாக இரண்டு இடத்தில் வருகிறான். கதை முழுக்க மேலே நெல் சுமந்த ஆட்களைப் பற்றி. உச்சியில் களஞ்சியம் இருக்கிறதே, அதை நிரப்பியது யார் என்று கேட்டிருக்கிறான். பாலத்தின் மேல் தோள் மாற்ற முடியாது, அதனால் பாலத்துக்கு முன்பே மூட்டையை இறக்கி மூச்சு வாங்குவார்கள் என்று ஆறாம் அத்தியாயத்தில் ஒரு வரி. மூட்டை தூக்கியவனுக்குத்தான் அது தெரியும். என் மூன்று நாவலிலும் அப்படி ஒரு வரி கிடையாது.

அந்தக் கூட்டத்தில் என் பேச்சைக் குறிப்பெடுத்தவர்கள் அதை அடித்துவிடுங்கள். தம்பி, போனை நீ எடுப்பதில்லை, எடுக்க வேண்டிய அவசியமும் இல்லை. உன் நோட்டு இரண்டும் என் மேசை இழுப்பறையில் இருக்கின்றன. ஆறாம் அத்தியாயத்தில் மட்டும் பென்சிலால் கோடு போட்டிருக்கிறேன், அழித்துக்கொள்ளலாம். பத்து மணிக்குக் கடை திறப்பேன்.