கட்டையைத் தூக்கிப் போடாதே

அருப்புக்கோட்டை

அன்புத் தம்பிக்கு,

  

சின்னவன் மீன் தொட்டியைப் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தான். வேர்க்கட்டை முழுக்கப் பாசி பிடித்துவிட்டதால் அதைத் தூர எறிந்துவிட்டு, பிளாஸ்டிக் செடி வாங்கி வைக்கப் போகிறாயாமே. வேண்டாமடா. கண்மாய்க்குள் கிடந்து ஊறின கருவேல வேர் அது. அப்படி வைரம் பாய்ந்த கட்டை கடையில் காசு கொடுத்தாலும் அமையாது.

புதுக்கட்டையில் முதலில் வெள்ளையாகச் சளி மாதிரி படர்ந்ததே, அது ஒன்றும் செய்யாது, தானே போய்விடும். இப்போது விளிம்பெல்லாம் குஞ்சம் குஞ்சமாக நிற்பதுதான் பிடிவாதக்காரப் பாசி. பார்வைக்குக் கறுப்பு என்றாலும் செம்பாசி இனத்தைச் சேர்ந்தது. கொஞ்சம் பிய்த்து ஸ்பிரிட்டில் போட்டால் சிவப்பு தெரியும். பிரஷ் போட்டுத் தேய்த்தால் மேலே உள்ளது போகும், அடி கட்டையிலேயே இருந்து மறுபடி துளிர்க்கும்.

மருந்துக்கடையில் ஹைட்ரஜன் பெராக்சைடு வாங்கு. நம் ஊர்க் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் 20 வால்யூம், அதாவது 6 சதவீதம். சரிபாதி தண்ணீர் கலந்தால் 3 சதவீதம் ஆகும், அது போதும். கட்டையை வெளியே எடுத்து, ஊசி இல்லாத சிரிஞ்சால் பாசி மேல் மட்டும் விடு. புசுபுசுவென்று நுரைக்கும். ஐந்து நிமிடம் விட்டு நன்றாகக் கழுவித் தொட்டியில் வை. நாலைந்து நாளில் கறுப்பு ரோஸ் நிறமாகி, பிறகு வெளுக்கும். வெளுத்ததை மீனே கொத்தித் தின்றுவிடும். கட்டையில் மாஸ் செடி கட்டியிருந்தால் அதை முதலில் அவிழ்த்துவிடு, இந்த மருந்தை அது தாங்காது.

இது பாதி வேலைதான். நம் பக்கத்து வெயிலுக்குத் தொட்டித் தண்ணீர் எவ்வளவு வேகமாக வற்றுகிறது என்று உனக்கே தெரியும். வற்றுவது வெறும் தண்ணீர். உப்பும் மீன் கழிவின் சத்தும் உள்ளேயே தங்கிவிடும். குறைந்த அளவுக்கு நீ போர்த் தண்ணீரை ஊற்றுகிறாய். அதுவும் தன் பங்குக்கு உப்பைக் கொண்டுவரும். கண்ணாடியில் தண்ணீர் மட்டத்தையொட்டி வெள்ளைக் கோடு விழுந்திருக்கிறது பார், போட்டோவிலேயே தெரிகிறது. வற்றினதை ஈடுகட்ட ஆர்ஓ தண்ணீர் ஊற்று. ஐப்பசி, கார்த்திகையில் மொட்டை மாடி மழைத்தண்ணீரைப் பிடித்துவைத்தால் இன்னும் நல்லது. வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணீரை வெளியேற்றி, குழாய்த் தண்ணீரை ஒரு ராத்திரி திறந்த வாளியில் வைத்திருந்து மாற்று, குளோரின் போய்விடும். ஆர்ஓ தண்ணீரையே முழுக்க ஊற்றிவிடாதே. செடிக்கும் மீனுக்கும் கொஞ்சம் தாது உப்பு வேண்டும்.

லைட்டை ராத்திரி பத்து மணிவரை எரியவிடுகிறாயாம். ஆறு மணி நேரம் தாராளம், டைமர் போட்டுவிடு. ஜன்னல் வெயில் படாத இடத்துக்குத் தொட்டியை நகர்த்து. கூடவே வேகமாக வளர்கிற செடி நிறைய வேண்டும். வாலிஸ்னேரியா நம் உப்புத் தண்ணீரிலும் நன்றாக வரும், ஏனென்றால் தண்ணீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட்டிலிருந்தே கார்பனை எடுத்துக்கொள்ளும். அது தழைத்தால் பாசிக்குப் போகிற சத்து குறையும். ஆனால் பாசிக்கென்று விற்கும் லிக்விட் கார்பனை மட்டும் அதன் பக்கம் கொண்டுபோகாதே, இலை கரைந்துபோகும். கட்டையில் கட்டிய அனுபியாஸ் மெதுவாகத்தான் வளரும், அதை நம்பிப் பயனில்லை.

இன்னொன்று. கடைக்காரர் ‘டேங்க் கிளீனர்’ என்று சக்கர் மீனை எடுத்துக் கொடுக்கப் பார்ப்பார். வாங்காதே. இந்தக் கறுப்புப் பாசியை அது தொடாது. ஒரு அடிக்கு மேல் வளர்ந்து, செடியைப் பிடுங்கிப் போட்டு, கழிவையும் சேர்க்கும். அதைவிட எனக்கு உள்ள பயம் வேறு. தொட்டியில் அடங்காமல் போனதும் பாவம் பார்த்துக் கொண்டுபோய்க் கண்மாயில் விட்டுவிடுகிறார்கள். தென் அமெரிக்காவின் மீன் இது. இன்று தமிழ்நாட்டின் பல நீர்நிலைகளில் பெருகிக் கிடக்கிறது. அதன் முள்ளும் எலும்புத் தகடும் வலையைக் கிழிக்கும், நாட்டு மீனின் இரையையும் அது தின்றுவிடும். உன் தெருவில் யாராவது வைத்திருந்தால் போய்ச் சொல்: குண்டாற்றிலும் விட வேண்டாம், எந்தக் கண்மாயிலும் விட வேண்டாம், வாங்கின கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடட்டும்.

அன்புடன்,
அண்ணன்