ஆறு வாரம் குடம் தூக்கக் கூடாது

எங்கள் அக்காவுக்கு எதுக்களிப்பு ஆபரேஷன் முடிந்து இன்றோடு பத்தொன்பது நாள். மூலக்குளத்தில் ஒரே அறையும் சமையல்கட்டும் உள்ள வீட்டில் ஐந்து பேர் இருக்கிறோம். இந்த நாட்களில் நாங்கள் கற்றதைத் தோழர்களுக்காக எழுதுகிறோம்.

உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்தில் உள்ள தசை தளர்ந்தால் அமிலம் மேலே ஏறும். அக்காவுக்கு இரைப்பையின் மேல்பகுதியே உதரவிதானத் துளை வழியாக நெஞ்சுப் பக்கம் நழுவியிருந்தது. மாத்திரை போதவில்லை. இரைப்பையின் மேல்பகுதியை உணவுக்குழாயின் அடியைச் சுற்றி மடித்துத் தைத்தார்கள். இந்த முறையை 1956ல் எழுதி வெளியிட்டவர் ருடால்ஃப் நிஸ்ஸன். யூதராகப் பிறந்ததால் 1933ல் ஹிட்லரின் ஜெர்மனியை விட்டு இஸ்தான்புல்லுக்குப் போக நேர்ந்த மருத்துவர். பிறப்பைச் சொல்லித் துரத்தப்பட்ட ஒருவர் கண்ட வழியில்தான் எங்கள் அக்கா இன்று நிம்மதியாகப் படுத்துத் தூங்குகிறார்.

பார்க்க வந்த ஒருவர், "மாட்டுக்கறியை விட்டிருந்தா இது வந்திருக்காது" என்றார். தளர்ந்தது தசை, நழுவியது இரைப்பை. சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கும் இதே நோய் வருகிறது, இதே ஆபரேஷன் நடக்கிறது. டாக்டர் இப்போதைக்கு நிறுத்தச் சொன்னது துண்டுக்கறியை. கூடவே ரொட்டியையும் சோடாவையும்தான். ரொட்டியைச் சொல்லி யாரும் எங்களுக்குப் புத்தி சொல்லவில்லை.

முதல் சில நாள் தோள்பட்டை வலித்தது. துளை போட்டுச் செய்யும்போது வயிற்றில் கரியமில வாயு நிரப்புவதால் வரும் வலி அது. முதல் வாரம் கஞ்சித் தண்ணீர், மோர், வடிகட்டிய எலும்புச் சாறு. அடுத்த வாரம் குழைந்த சோறு, கேழ்வரகுக் கூழ். எங்கள் தெருவைக் கேலி செய்யச் சொன்ன அதே கூழ்தான். தைத்த இடம் வீங்கியிருப்பதால் விழுங்கியது நெஞ்சில் நிற்பதுபோல் இருக்கும். அதனால் நிமிர்ந்து உட்கார்ந்து, கொஞ்சம் கொஞ்சமாக, ஆறு வேளை. ஏப்பம் சரியாக வராது, வயிறு உப்பும். நடந்தால் காற்று பிரியும். எச்சில்கூட இறங்காவிட்டால், காய்ச்சலோ மூச்சுத் திணறலோ கடும் நெஞ்சுவலியோ வந்தால், உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இதெல்லாம் சமாளித்தோம். டாக்டர் சொன்ன கடைசி வரிதான் கடினம்: ஆறு வாரம் எடை தூக்கக் கூடாது.

அக்கா ஒரு கம்பெனியில் ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளி. தண்ணீர் நிரம்பிய இருபது லிட்டர் பக்கெட்டைத் தூக்குவதுதான் வேலை. பன்னிரண்டாம் நாள் சூப்பர்வைசர் போன் செய்தார்: "திங்கக்கிழமை வரலைன்னா வேற ஆளப் போட்டுடுவோம்." உள்ளே போட்ட மடிப்பு நழுவினால் மறுபடி ஆபரேஷன். துடைப்பம் பிடிக்கிற வேலைக்கு எந்தத் தெருவிலிருந்து ஆள் எடுக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். ஓய்வு என்பது மருந்து. அந்த மருந்தும் சாதி பார்த்துத்தான் கிடைக்கிறது.

சம்பளச் சீட்டை எடுத்துப் பார்த்தோம். மாதாமாதம் ஈ.எஸ்.ஐ.க்கு 0.75 விழுக்காடு பிடித்திருக்கிறார்கள். 1943ல் இந்தத் திட்டத்தை வகுக்கப் பேராசிரியர் அடார்க்கர் நியமிக்கப்பட்டபோது வைஸ்ராய் அவையில் தொழிலாளர் துறையை வைத்திருந்தவர் பாபாசாகேப் அம்பேத்கர். 1948ல் அது சட்டமானது. ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாளுக்குப் பணம் கட்டியிருந்தால், ஈ.எஸ்.ஐ. டாக்டரின் சான்றோடு, கூலியில் 70 விழுக்காடு ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். விண்ணப்பித்துவிட்டோம். சூப்பர்வைசருக்கும் எழுத்தில் கடிதம் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கியிருக்கிறோம். திங்கட்கிழமை அக்கா போகவில்லை.

1936 ஜூலை 30 அன்று புதுச்சேரி ஆலைத் தொழிலாளர் 12 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பிறகே இங்கே எட்டு மணி நேர வேலை வந்தது. உடம்புக்கான ஓய்வை இந்த ஊரில் யாரும் தானமாகத் தரவில்லை.

தோழர்களே, உங்கள் அம்மாவின், அண்ணனின் சம்பளச் சீட்டை இன்றே வாங்கிப் பாருங்கள். ஈ.எஸ்.ஐ. எண் இருக்கிறதா, பிடித்த பணம் கட்டப்பட்டதா என்று கேளுங்கள். சீட்டே தருவதில்லை என்றால், முதல் கேள்வியை அங்கிருந்து தொடங்குங்கள்.

ஜெய் பீம்.