மறவாமையும் ஒரு நோயே

மறதியைக் குற்றமென்று கூறக் கேட்டே வளர்ந்தோம். மறவாமையும் ஒரு நோயாகும் என்பதை இவ்வாண்டு யாம் எழுதிய கணினி நிரலொன்றினிடம் கற்றோம்.

சங்க நூல்களில் ஒரு சொல் பயிலும் இடங்களையெல்லாம் தேடித் தரும் அந்நிரலை ஜாவா மொழியில் இயற்றினோம். வகுப்பு நண்பர் பலரும் அதனைக் கையாண்டனர். காலையில் விரைந்து விடையளிக்கும். மாலைக்குள் நினைவகம் போதவில்லையென்று நின்றுவிடும். நூற்கோப்புகளைத் திரட்டித் தந்த நண்பரே பிழைசெய்தாரென்று பலர் முன்னிலையில் கூறிவிட்டோம். கோப்புகள் பெரியன என்பதன்றி எமக்கு வேறு சான்றில்லை.

பின்னரே ஆராயப் புகுந்தோம். ஜேமேப் என்னும் கருவியால் மணிக்கொருமுறை நினைவகத்திலுள்ள பொருள்களை வகைவாரியாக எண்ணி, அப்பட்டியல்களை ஒப்பிட்டுப் பெருகியவற்றை மட்டும் காட்டும் சிறு நிரலைப் பைத்தானில் எழுதினோம். பைட் வரிசைகளும் சரங்களும் முன்னின்றன. அவை எந்நிரலிலும் மிகுந்திருப்பனவே. அவற்றின்கீழ் யாமே வகுத்த ‘வினா’ என்னும் வகை நின்றது. நண்பர்கள் கேட்ட வெவ்வேறு வினாக்கள் சில நூறே, பட்டியலிலோ பல்லாயிரம்!

பயனற்ற பொருள்களைத் தானே அகற்றும் முறையை ஜான் மெக்கார்த்தி 1960-இல் லிஸ்ப் மொழி பற்றிய தம் கட்டுரையில் விளக்கினார். ஜாவாவிலும் அத்தகைய முறை உண்டு. ஆயினும், வேரிலிருந்து ஒரு பிணைப்பேனும் எட்டும் பொருளை அது தீண்டாது. எனவே நினைவகம் முழுவதையும் ஹீப் டம்ப் என்னும் கோப்பாக எடுத்து, அவ்வினாக்களைப் பற்றியிருப்பது யாதெனத் தேடினோம். வழி எம் ஹேஷ்மேப் ஒன்றிற் சென்று முடிந்தது. கண்ட விடையை மீண்டும் தேடாதிருக்க அதிற் சேமித்தோம். இரு வினாக்கள் ஒன்றே என்று உணர்த்தும் ஈக்வல்ஸ், ஹேஷ்கோடு என்னும் இரு விதிகளை எழுத மறந்தோம். ஒரே வினா நூறுமுறை வரின், நூறு புதிய வினாக்களாகச் சேர்ந்தது.

எம் மறதியே நிரலின் மறவாமை ஆயிற்று!

விதிகளை எழுதிச் சேமிப்புக்கு எல்லையும் வகுத்தபின் நிரல் நில்லாது ஓடிற்று. நண்பர்கள் தேடியவையெல்லாம் அக்கோப்பில் வெளிப்படையாய்க் கிடந்தமையால், அதனை உடனே அழித்தோம். பின்பு, பழித்த அதே அவையில் நண்பரிடம் பொறுத்தருள வேண்டினோம். அவர் நகைத்து, “எண்ணிவிட்டுச் சொல்லியிருக்கலாமே” என்றார்.

அச்சொல்லின் இரு பொருளும் எமக்குத் தைத்தன.