மாசாமாசம் படுத்துக்கிற சைட்

ஆபீஸ் லீவ் சைட் இன்னைக்கும் திறக்கல.
வெறும் வெள்ளைத் திரை.

ஆக்டிவ்எக்ஸ் காலத்துல கட்டினது, இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர்லதான் ஓடும். அதை மைக்ரோசாஃப்ட் 2022 ஜூன்லயே மூட்டை கட்டிடுச்சு. இப்ப எட்ஜுக்குள்ள ஐஇ மோடுலதான் உயிர் ஓடுது.

இதுல கூத்து என்னன்னா, ஐஇ மோடுக்குன்னு நாமளா சேர்க்கிற முகவரி 30 நாள்ல தானா காலாவதி ஆயிடும்.
மறுபடி சேர்க்கணும். கன்ட்ரோல் பேனல் போய் ட்ரஸ்டட் சைட்ஸ்ல இருக்கான்னும் பாக்கணும்.

பாவமேன்னு பக்கத்து சீட் அக்காவுக்குச் சரிபண்ணிக் கொடுத்தேன். அன்னையிலேர்ந்து இந்த மாடிக்கே நான்தான் ஐடி டிபார்ட்மென்ட்.
(படிச்சது பி.காம்., அதுலயும் அரியர்.)

ஐடி மக்களே, கம்பெனிக்கே பொதுவா ஒரு சைட் லிஸ்ட் போட்டுட்டா இந்த 30 நாள் கெடுவே கிடையாதே.
எப்பய்யா போடுவீங்க?