நளனின் நிழல்

குற்றாலத்தில் அருவியை நோக்கி விரையும் கூட்டம், ஊருக்குள்ளேயே சற்று ஒதுங்கி நிற்கும் சித்திர சபையைப் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. சாரல் காலத்தில் ஈரத் துண்டும் எண்ணெய்ச் சீசாவுமாகச் செல்வோர்க்கு நீரின் ஓசை ஒன்றே இலக்கு. ஆனால் கூத்தப்பெருமானுக்கு உரிய ஐந்து சபைகளுள் ஒன்று அது. திருவாலங்காடு, தில்லை, மதுரை, திருநெல்வேலி ஆகிய நான்கு இடங்களிலும் இறைவன் திருமேனியாக நின்று ஆடுகிறான். குற்றாலத்தில் மட்டும் சுவரில் ஓவியமாக ஆடுகிறான். ஓர் ஓவியமே மூலவராக வணங்கப்படும் இடம் தமிழகத்தில் அரிது.

சபையின் சுவர்கள் முழுவதும் படங்கள். இறைவனின் பல வடிவங்கள், அசுரரோடு பொருதும் தேவி, திருவிளையாடற் கதைகள் எனக் கட்டம் கட்டமாக விரிகின்றன. திருவிளையாடல் இடம்பெறும் சுவரில் பாண்டியர் வருவது இயல்பே. அத்தகைய மரபுச் சுவரோவியத்தில் அரசனை எவ்வாறு அடையாளம் காண்பது? முகத்தைக் கொண்டு அன்று. மன்னன், அமைச்சன், அடியான் எல்லார்க்கும் ஏறக்குறைய ஒரே நீண்ட விழி, ஒரே கூரிய மூக்கு. முடி, குடை, கவரி, இருக்கை, சூழ நிற்போரினும் சற்றே பெரிய உருவம் ஆகியவைதாம் அரசனை அரசன் என்று சொல்கின்றன. இன்னொன்றையும் அங்கே கவனித்தல் வேண்டும். மரபுச் சுவரோவியத்தில் எவர் காலடியிலும் நிழல் விழுவதில்லை. ஒளி ஒரு திசையிலிருந்து வருவதில்லை, எங்கும் நிறைந்திருக்கிறது. இது தெரியாமையால் நேர்ந்த குறை அன்று. புராண உலகிற்கு அந்த மரபு தந்த ஒளி அது.

குற்றாலத்திற்கு மிக அருகே உள்ள தென்காசியிலிருந்து பதினாறாம் நூற்றாண்டில் ஆண்ட அதிவீரராம பாண்டியன், ஓர் அரசனைச் சொல்லால் தீட்டினான். வடமொழியில் சீஹர்ஷர் இயற்றிய நைடதக் காப்பியத்தைத் தழுவி அவன் பாடிய நைடதம், நிடத நாட்டு மன்னன் நளனின் கதை. நைடதம் புலவர்க்கு ஔடதம் என்னும் வழக்கு அந்நூலின் பெருமையைக் காட்டும். நாடாண்ட ஒருவன் நாடிழந்த ஒருவனைப் பாட விரும்பியது ஏன் என்பது எண்ணத்தக்கது. மதுரையை இழந்து தெற்கே ஒதுங்கிய மரபில் வந்தவனுக்கு அக்கதை வெறும் கதையாக மட்டும் இருந்திருக்காது.

நளன் கதையில் ஓவியருக்கென்றே வைக்கப்பட்டது போன்ற காட்சி ஒன்று உண்டு. தமயந்தியின் சுயம்வரத்திற்கு இந்திரன், அக்கினி, இயமன், வருணன் ஆகிய நால்வரும் நளன் வடிவிலேயே வந்து அமர்கின்றனர். மண்டபத்தில் ஐந்து நளன்கள்! முகம் ஒன்று, முடி ஒன்று, அணி ஒன்று. அரசனை அடையாளம் காட்டும் எல்லாக் குறிகளும் ஐவர்க்கும் பொது. தமயந்தி முதலில் தடுமாறினாள், பின்னர் தெளிந்தாள். நால்வரின் கண்கள் இமைக்கவில்லை, கால்கள் நிலம் தோயவில்லை, மாலைகள் வாடவில்லை. ஒருவன் மட்டும் வியர்த்திருந்தான். அவன் மேல் புழுதி படிந்திருந்தது. அவனுக்கு நிழல் இருந்தது. பாரதத்தில் வியாசர் நிழலையும் மறவாமல் குறிப்பிடுகிறார். குறைகளைக் கொண்டே அவள் மனிதனைக் கண்டாள், அவனுக்கே மாலையிட்டாள்.

இந்த நிழலைத் தூரிகையால் தீட்ட வேண்டும் என்று இந்திய ஓவியர் ஒருவர் முனைந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில். செங்கோட்டைக் கணவாயைக் கடந்தால் அன்று திருவிதாங்கூர். ஏன், செங்கோட்டையே 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரைச் சேர்ந்ததுதான். அந்நாட்டின் கிளிமானூரில் 1848-இல் பிறந்தவர் இரவிவர்மா. பதினான்கு அகவையில் திருவனந்தபுரம் அரண்மனைக்குச் சென்றார். அரண்மனை ஓவியர் இராமசாமி நாயுடு எண்ணெய் வண்ண நுட்பத்தை அச்சிறுவனுக்குக் கற்பிக்க மனங்கொள்ளவில்லை. அவரிடம் உதவியாளராக இருந்த ஆறுமுகம் பிள்ளையே மறைவில் சிலவற்றைச் சொல்லிக்கொடுத்தார் என்பர். பின்னர் வந்த ஐரோப்பிய ஓவியர் தியோடர் ஜென்சனும் தாம் வரைவதைப் பார்க்க இசைந்தாரேயன்றிப் பாடம் நடத்தவில்லை. இரவிவர்மா கற்றதெல்லாம் பெரும்பாலும் கண்ணால் கற்றதே. 1873-இல் சென்னைக் கண்காட்சியில் ஆளுநரின் தங்கப்பதக்கம் பெற்றபோது அவருக்கு வயது இருபத்தைந்து.

எண்ணெய் வண்ணத்தில் அப்படி என்ன இருக்கிறது? சுண்ணச் சுவரில் இடும் வண்ணம் விரைவில் உலர்ந்துவிடும். ஆகவே ஓவியர் கோட்டை நம்புகிறார். கோட்டிற்குள் வண்ணத்தை நிரப்புகிறார். எண்ணெயில் குழைத்த வண்ணமோ உலரப் பல நாள்கள் எடுத்துக்கொள்ளும். அந்த இடைவெளியில் ஒளியை இருளுக்குள் மெல்லக் கரைக்கலாம். கன்னத்தின் திரட்சியையும் பட்டின் மடிப்பையும் தோலின் ஈரத்தையும் கோடின்றியே காட்டலாம். நிழல் ஓர் உத்தியாக இந்தியச் சித்திரத்துள் வேரூன்ற இந்த மெதுவான உலர்தலும் ஒரு காரணம்.

1888-இல் பரோடா மன்னர் மூன்றாம் சயாஜிராவ் கெய்க்வாட், புராணக் காட்சிகள் பதினான்கினைத் தீட்டித் தருமாறு இரவிவர்மாவைக் கேட்டுக்கொண்டார். பணியை ஏற்றவருக்கு முதலில் எழுந்த கேள்வி மிக எளியது: பழங்கால அரசன் என்ன உடுத்தினான்? விடை தேடித் தம்பி இராசராசவர்மாவோடு வடநாடெங்கும் சுற்றினார். ஊருக்கொரு உடை கண்டாரேயன்றி நளன் காலத்து உடையை எங்கும் காணவில்லை. காண இயலாது என்பதை உணர்ந்ததே அப்பயணத்தின் பயன். பின்னர், தம் காலத்து மக்கள் உடைகளையும் அரங்க மரபையும் கலந்து தாமே ஒன்றைப் படைத்துக்கொண்டார். இன்று புராணப் பாத்திரங்கள் என்றவுடன் மனத்தில் எழும் புடைவையும் பட்டும் பெருமளவு அவர் முடிவு செய்தவையே.

இத்தகைய சிக்கல் ஐரோப்பாவிலும் இருந்தது. 1648-இல் பாரிசில் நிறுவப்பட்ட அரச ஓவியக் கழகம், வரலாற்று ஓவியத்தை எல்லா வகைகளுக்கும் மேலாக வைத்தது. தனிமனித உருவம், இயற்கைக் காட்சி, பூவும் பழமும் எல்லாம் அதற்குக் கீழே. காரணம், கண்முன் இல்லாத பெருஞ்செயலைக் கற்பனையால் கண்முன் நிறுத்தும் கலை அது. அக்கல்வியில் தேர்ந்த ழாக்-லூயி டேவிட், தெர்மோபைலேக் கணவாயில் ஸ்பார்ட்டா மன்னன் லியோனிதாசைத் தீட்டி 1814-இல் முடித்தார். லூவர் அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கும் அப்படத்தில் மன்னன் போருக்கு முன் ஏறக்குறைய ஆடையின்றி அமர்ந்திருக்கிறான். எந்தப் படைத்தலைவனும் அவ்வாறு களம் புகுந்திருக்க மாட்டான்! கிரேக்கச் சிற்பத்தின் மேல் கொண்ட காதலால் வரலாற்றைச் சற்றே ஒதுக்கிவைத்தார் டேவிட். உடையைப் படைத்துக்கொண்ட இரவிவர்மாவும் உடையைக் களைந்துவிட்ட டேவிட்டும் ஒரே வெற்றிடத்தின் முன்தான் நின்றார்கள்.

பரோடா வரிசையில் இரவிவர்மா தேர்ந்த அரசர்களை நோக்கினால் ஒரு செய்தி புலப்படும். கங்கையை இழக்கும் சந்தனு. மீனவப் பெண்ணிடம் மனம் பறிகொடுத்து நிற்கும் அதே சந்தனு. வாய்மைக்காக நாட்டைத் துறந்த அரிச்சந்திரன். கானகத்தில் உறங்கும் தமயந்தியை விட்டுப் பிரியத் துணியும் நளன். வெற்றி உலாவில் வரும் வேந்தர்களாக இவர்களை அவர் காட்டவில்லை. கொற்றம் கைவிட்டுப் போன கணத்தில், அல்லது அது பொருளற்றுப் போன கணத்தில், அவர்களைப் பிடிக்கிறார்.

நளனை எடுத்துக்கொள்வோர்க்கு இக்கணத்தின் கடுமை விளங்கும். சூதில் நாட்டைத் தோற்றான். எஞ்சிய உடையையும் பறவை கவர்ந்து சென்றது. கணவனும் மனைவியும் ஓராடையைப் பகிர்ந்து உடுத்திக் காட்டில் படுத்தனர். நள்ளிரவில் எழுந்து, அவ்வாடையை அரிந்து, பாதியோடு பிரிய எண்ணுகிறான். முடி இல்லை, குடை இல்லை, கவரி வீச ஆளில்லை. சித்திர சபைச் சுவரில் ஓர் அரசனை அரசன் என்று சொன்ன அடையாளங்கள் ஒன்றுகூட இங்கு இல்லை. இவனை அரசன் என்றும், அதே வேளையில் வெட்கமும் இரக்கமும் ஒருங்கே அலைக்கழிக்கும் மனிதன் என்றும் உடலாலும் முகத்தாலும் மட்டுமே காட்டியாக வேண்டும். மரபுச் சுவரோவியத்திற்கு இது இயலாது. அதன் நோக்கமும் அதுவன்று. எலும்பும் தசையும் அறிந்த கல்விமுறை ஓவியம் தன் இருப்பை நியாயப்படுத்திக்கொள்வது இவ்விடத்தில்தான். சுயம்வர மண்டபத்தில் தமயந்தி கண்ட வியர்வையையும் நிழலையும் அது அறியும்.

எல்லாரும் இதனை ஏற்கவில்லை. கொழும்பில் பிறந்த கலை அறிஞர் ஆனந்த குமாரசுவாமி, இவ்வோவியங்களில் நாடகத்தன்மை மிகுந்துள்ளது என்றும் தெய்வ மாந்தர்க்குரிய உயர்வு குறைந்துள்ளது என்றும் கடிந்தார். அக்குற்றச்சாட்டில் உண்மை இல்லாமல் இல்லை. இரவிவர்மாவின் மாந்தர் சிலர், திரை விலகக் காத்திருக்கும் நடிகர் போலவே நிற்கின்றனர். மறுபுறம், 1906-இல் இரவிவர்மா மறைந்தபோது பாரதியார் அவருக்கென ஓர் இரங்கற்பா பாடினார். தென்காசிக்கு அண்மையில் உள்ள கடையத்தில் பின்னாளில் ஈராண்டளவு வாழ்ந்த அக்கவிஞர், பழமையைக் கண்மூடிப் போற்றியவர் அல்லர். ஆயினும் அவருக்கு அவ்வோவியங்கள் பெருங்கலையாகவே பட்டன. அறிஞர் ஒருவரும் கவிஞர் ஒருவரும் முரண்படும் இடத்தில் மாணவர் விரைந்து ஒரு பக்கம் சாய வேண்டியதில்லை. இரண்டு வகை ஓவியத்தையும் நேரில் நின்று பார்த்தபின் சொல்லலாம்.

1894-இல் இரவிவர்மா பம்பாயில் தொடங்கிய அச்சகம், மன்னரின் மாளிகைக்குள் இருந்த படங்களை எளியோர் வீட்டுச் சுவருக்குக் கொண்டுவந்தது. நெல்லைச் சீமையில் அதன் வழித்தோன்றலாகக் கோவில்பட்டியில் கொண்டையராஜுவும் அவர்தம் மாணவர்களும் நாட்காட்டிப் படங்களைத் தீட்டினர். அதில் ஓர் இழப்பும் நேர்ந்தது. அச்சில் பெருகப் பெருக, ஓவியர் ஒருவரின் கற்பனை எல்லார்க்கும் உண்மையாகிவிட்டது. கதை கேட்ட ஒவ்வொருவர் மனத்திலும் தனித்தனியே இருந்திருக்கக்கூடிய நளன்கள் மறைந்து, அச்சடித்த நளன் ஒருவனே எஞ்சினான்.

புராண அரசருக்கு இது நேர்ந்தால் பெருங்கேடில்லை. வரலாற்று அரசருக்கு நேர்ந்தால்? தஞ்சைப் பெரிய கோயிலில், நாயக்கர் கால வண்ணப்பூச்சின் அடியிலிருந்து 1931-இல் கோவிந்தசாமி வெளிக்கொணர்ந்த சோழர் ஓவியங்களுள், தாடியுடைய முதியவரும் இளைஞரும் சேர்ந்து நிற்கும் படம் ஒன்று உண்டு. கருவூர்த்தேவரும் இராசராசனும் என்று அதனைப் பலர் கொள்வர். அவ்வாறு கொள்ளச் சான்று போதாது என்பாரும் உளர். படத்தின் கீழ்ப் பெயர் எழுதப்படவில்லை. ஆயினும் பெயரிட்டுப் பார்க்கவே மனம் விரும்புகிறது. முகமில்லாத பெருமையை மனித மனம் எளிதில் தாங்கிக்கொள்வதில்லை.

தென்காசியில் காசி விசுவநாதர் கோயிலை எடுப்பித்த அரிகேசரி பராக்கிரம பாண்டியன் பதினைந்தாம் நூற்றாண்டினன். புராண மாந்தன் அல்லன். 1446-இல் திருப்பணியைத் தொடங்கினான் என்பதைக் கல்வெட்டு கூறும். அம்மன்னனைத் தீட்ட இன்று ஓர் ஓவியர் முன்வந்தால், உடையையும் அணியையும் அக்காலச் சிற்பங்களிலிருந்து பெறலாம். தூண்களையும் மண்டபத்தையும் நேரில் நின்று வரையலாம். மன்னனின் சொற்களும் கிடைக்கின்றன. கோயிலில் வெட்டப்பட்ட பாடல்களில் அவன் தன் வெற்றிகளைப் பட்டியலிட்டு நிறைவுறவில்லை. இத்திருப்பணியில் குறை நேருமாயின் அதனைச் சரிசெய்து காப்பவர் எவராயினும், அவர் அடியில் தான் பணிவதாகப் பாடி வைத்திருக்கிறான். பின்னே வரப்போகும், பெயரும் அறியாத ஒருவரின் முன் தலை தாழ்த்தும் அரசன்! வீற்றிருக்கும் கோலத்திலா, வாளேந்திய கோலத்திலா, இந்தப் பணிந்த கோலத்திலா, எதில் அவனைத் தீட்டுவது என்பதே அவ்வோவியர் முதலில் முடிவு செய்ய வேண்டியது. மூன்றாவதைத் தேர்ந்தால் முகம் நிலத்தை நோக்கியிருக்கும். தெரியாத முகத்தைக் கற்பிக்கும் தொல்லையும் பாதி குறையும்.

அவன் அஞ்சியது பிற்காலத்தில் நேர்ந்தது. இராசகோபுரம் சிதைந்து, பிளந்த மொட்டைக் கோபுரமாக நெடுங்காலம் நின்றது. 1990-இல் ஒன்பது நிலைகளோடு அது மீண்டும் எழுந்தது. பொதிகைக் காற்று வாயிலில் வேகமாக வீசும் அக்கோயிலில் கல்லில் வெட்டிய பாடல்கள் இன்றும் உள்ளன; மாலை வெயிலில் ஒன்பது நிலைக் கோபுரத்தின் நிழல் தெருவில் நீண்டு விழுகிறது.