முழங்காலும் மொழியும்

தமிழாசிரியனுக்கும் முழங்காலுக்கும் என்ன தொடர்பு என்று வாசகர்கள் வினவக்கூடும். மலையகப் பாடசாலையொன்றிற் கற்பிக்கும் எனக்கு, பெற்றோரின் நடையைக் கவனிக்கும் பழக்கம் உண்டு. பெற்றோர் கூட்டத்துக்கு வரும் தாய்மாருட் பலர் நாற்பது வயதிலேயே கைப்பிடியைப் பற்றித்தான் படியேறுகின்றனர். கொழுந்துச் சுமையுடன் ஈரச் சரிவில் ஏறியிறங்கிய முழங்கால்கள் அவை.

அண்மையில் என் மாணவி ஒருத்தியின் தாயாருக்குத் துணையாக அரசாங்க வைத்தியசாலையொன்றுக்குச் சென்றேன். மழைநாளில் மலையிற் சறுக்கி விழுந்தவர். ஆறு வாரம் வலிமாத்திரையோடு கழிந்துவிட்டது. அவருடைய பழைய துண்டில் இருந்தவை இரண்டே சொற்கள்: முழங்கால் வலி.

வைத்தியர் இளைஞர்; சிங்களம் பேசுபவர்; பண்பாளர். காலைத் தொடுமுன் கதையைக் கேட்டார். விழும்போது பாதம் எப்படி இருந்தது? ஏதும் சத்தம் கேட்டதா? வீக்கம் எவ்வளவு நேரத்தில் வந்தது? நான் தமிழிற் கேட்டேன்.

"பாதம் வேருல மாட்டிக்கிச்சுங்க சேர், ஒடம்பு மட்டும் திரும்பிருச்சு. டக்குன்னு ஒரு சத்தம். லயத்துக்கு வந்து சேர்றதுக்குள்ள பூசணிக்காயாட்டம் வீங்கிப் போச்சு. இப்ப எறக்கத்துல காலு என் பேச்சக் கேக்க மாட்டேங்குது."

இதனை நான் சிங்களத்திற் சொன்னதும் வைத்தியர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஓரிரு மணித்தியாலத்துள் பொங்கும் வீக்கம் பெரும்பாலும் மூட்டினுள்ளே குருதி கசிந்ததன் அடையாளம். உள்ளே சிலுவைபோற் குறுக்கிட்டுக் கிடக்கும் நார்களில் ஒன்று அறுந்திருக்கலாம். மறுநாள் மெல்ல வரும் வீக்கமாயின், பிறை வடிவான கசியிழையத் தட்டுகளில் ஐயம் கொள்வார்கள். 'பேச்சுக் கேட்காத கால்' என்பதைவிடத் தெளிவாக அந்த நாரின் குறையை எந்தப் பாடநூலும் சொல்லியிராது என்பது என் எண்ணம்.

முதலில் நோகாத காலையே பரிசோதித்தார். ஒருவருக்கு இயல்பான தளர்ச்சி எவ்வளவு என்பதை அவருடைய மறுகால்தான் சொல்லும். பின்னர் நொந்த முழங்காலைச் சற்றே, இருபது முப்பது பாகை அளவில், மடக்கி, ஒரு கையால் தொடையைப் பிடித்து, மறுகையால் கணைக்காலை முன்னே இழுத்தார். நலமான நார் கட்டிய கயிறுபோற் சட்டென்று தடுக்கும். இங்கே தடுக்கவில்லை. பிலடெல்பியாவின் ஜோன் லக்மன் என்ற வைத்தியரின் பெயரால் வழங்கும் இச்சோதனை 1976 இல் மருத்துவ ஏட்டில் வெளிவந்தது. அடுத்து முழங்காலை நன்கு மடக்கி, பாதத்தைத் திருப்பி, மெல்ல நீட்டினார். இது லிவர்ப்பூலின் மக்மறி காட்டிய முறை. நோவோ சொடுக்கோ தோன்றினால் தட்டில் கிழிவு இருக்கலாம். தோன்றாவிட்டாலும் கிழிவே இல்லை என்று உறுதி கூறிவிட முடியாது.

இவற்றுக்குக் கருவி வேண்டாம், மின்சாரம் வேண்டாம். தனியார் நிலையத்தில் ஸ்கான் எடுக்கப் பணமில்லாதவளுக்கு, பயின்ற இரண்டு கைகளே பெரும் செல்வம். ஆனால் அக்கைகளுக்கு வழிகாட்டுவது நோயாளியின் வாய்ச்சொல். 1956 இல் சிங்களம் மட்டும் அரச கரும மொழியானது. 1987 இல் பதின்மூன்றாம் திருத்தம் தமிழும் அரச கரும மொழியாகும் என்றது. அன்று வெளிநோயாளர் வாங்கில் எங்களுக்கு அருகே ஒரு சிறுமி பாடசாலைச் சீருடையுடன் இருந்தாள். பாட்டிக்கு மொழிபெயர்க்க வந்தவள். அந்த நாளின் பாடங்களை யார் அவளுக்குத் திருப்பிக் கொடுப்பார்?

வைத்தியர் தொடைத் தசைக்குப் பயிற்சி காட்டிக்கொடுத்தார். ஸ்கானுக்குப் பெயர் பதிந்தார். சரிவில் வேலை கொடுக்க வேண்டாம் என்று தோட்டத்துக்கு ஒரு கடிதமும் எழுதினார்.

வெளியே வந்ததும் அந்த அம்மா கேட்டார்: "சரிவில்லாத மல எங்கங்க சேர் இருக்கு? அரைப்பேருன்னு போட்டுட்டா சம்பளம்?"

கடிதம் தோட்டக் கந்தோரிற் கொடுக்கப்பட்டு மூன்று வாரமாகிறது. அவர் இன்னும் மலைக்குத்தான் போகிறார், ஒரு தடியை ஊன்றிக்கொண்டு.